ஏழு தட்டு

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்த அறையை இடிக்காமல், விரிசல் விட்ட பீமில் பலத்துக்குக் கார்பன் ஃபைபர் துணியை ஒட்டச் சொன்னார் முதலாளி ராஜபாண்டியன். ஒட்ட வந்தவன் திருமேனி. பசை இறுகியதும், உள்ளே இடைவெளி இருக்கிறதா என்று சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். உள்ளிருந்து ஏழு தட்டு கேட்டது. மறுபடி தட்டினான். மறுபடியும் ஏழு.

வாசலில் தினமும் வந்து நிற்கும் குருவம்மாளிடம் கேட்டான்.

"இங்கன எத்தன பேரு செத்தாக?"

"பேப்பர்ல நாலு. எம்மகளும் இன்னும் ரெண்டு புள்ளைகளும் அன்னைக்கு வேலைக்கே வரலைன்னுட்டாக. எரிச்சுக் கரைக்க ஒரு எலும்பு தரல."

திருமேனி நேராக ஆபீஸ் அறைக்குப் போனான். முதலாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"நீங்களே தட்டுங்க."

அவர் தட்டினார். ஏழு கேட்டது.

"அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் பசைய ஏத்து. தீவாளி சீசன் வருது" என்றார், முகம் மாறாமல்.

"செத்தது ஏழு பேருன்னு மொதல்ல எழுதிக் குடுங்கய்யா!" என்றான் திருமேனி.

அவர் சிரித்தார். திருமேனி கட்டிங் மெஷினை எடுத்து, ஒட்டிய துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுத்துப் போட்டான். யாரும் தட்டாமலே பீம் தட்டத் தொடங்கியது. வாசலில் நின்றபடியே குருவம்மாள் ஒவ்வொரு தட்டுக்கும் செத்தவர்களில் ஒருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் பெயர் மட்டும் பாக்கி இருந்தபோது ஏழாவது தட்டு கேட்டது.

"இந்தா வந்துட்டேன் தாயி" என்று உள்ளே நடந்தாள்.