பங்கரின் கடைசி மூலை

வானத்திலிருந்து வந்து விழுகிற செல் குண்டுகளைவிட ஆரணிக்குப் பங்கரில்தான் பயம் அதிகம். அம்மா தன்னந்தனியாக முற்றத்தில் வெட்டி, பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு மூடிய அந்தக் குழிக்குள் பட்டப்பகலிலும் கண்ணை மறைக்கும் இருட்டு. அதன் கடைசி மூலையில் ஒரு பேய் குந்தியிருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதன் மூச்சைக்கூடக் கேட்டிருக்கிறாள். அன்று மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே செல் கூவத் தொடங்கியது. அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்து பங்கர் வாசலில் நிறுத்தினாள்.

"மாட்டன் அம்மா, உள்ளுக்கை பேய் இருக்கு."

"பேயும் இல்லை, ஒண்டும் இல்லை. இறங்கு பிள்ளை. ஏணைத் தொட்டிலிலை தம்பி கிடக்கிறான், தூக்கிக்கொண்டு ஓடி வாறன்."

அம்மா அவளை உள்ளே தள்ளிவிட்டு ஓடினாள். ஆரணி மூலைக்கு முதுகைக் காட்டாமல் வாசலோரமே ஒடுங்கி உட்கார்ந்தாள். திடீரென்று நிலம் அதிர்ந்து, கூரை மண் அவள் தலையில் கொட்டியது. வீட்டுப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் அழுகை நின்றுபோனது. "அம்மா" என்று கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கிழியக் கூப்பிட்டாள். வாசலால் புகைதான் வந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவள் தவழ்ந்து தவழ்ந்து இருட்டுக்குள் போனாள். ஒருநாளும் போகாத அந்த மூலைவரை போய், கையை நீட்டித் துழாவினாள். ஈர மண்தான் தட்டுப்பட்டது.

"நீயெண்டாலும் இருக்கிறியோ?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.