ஒரு ஜோடி சாக்ஸ்

மூன்றாம் கட்டில்காரர் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. தரை துடைக்கும் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் அவர் மனைவிக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியாது. சாவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நர்ஸ் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். டாக்டரோ ஆபரேஷன் தியேட்டரில் இன்னொருவர் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். காலை வெயில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து மனைவியின் மடிக்கு வருகிறது. அவள் ஒரு ஜோடி சாம்பல் நிறச் சாக்ஸை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இந்த வெயில்ல சாக்ஸா அண்ணி? அண்ணன் முழிச்சா சிரிக்கப்போறாரு" என்கிறான் கொழுந்தன். கதவு ஒரு கீற்று திறக்கிறது. நர்ஸ் தலையை மட்டும் நீட்டுகிறாள். மனைவி ஓடிப்போய்ச் சாக்ஸை நீட்டுகிறாள். "சிஸ்டர், இத அவருக்குப் போட்டு விடுங்களேன். ஏசி ஒத்துக்காது." "டாக்டர் வரட்டும்க்கா." "சாக்ஸ் போடக்கூடவா டாக்டர் வரணும்?" என்று கொழுந்தன் சிரிக்கிறான். நர்ஸும் சிரித்துவைக்கிறாள், சிரிக்காவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "குடுங்க, போட்டு விடறேன்." "கால தொட்டுப் பாத்தீங்களா? சில்லுன்னு இருக்குமே?" என்கிறாள் மனைவி. நர்ஸ் தன் கைக்கு வந்த சாக்ஸைப் பார்க்கிறாள். அது இன்னும் கதகதப்பாக இருக்கிறது. "ஆமாக்கா. சில்லுன்னுதான் இருக்கு."

மனைவி முகமெல்லாம் மலர்ந்து கொழுந்தன் பக்கம் திரும்புகிறாள். "பாத்தீங்களா தம்பி? நான் வீட்லயே சொன்னேன்ல!"