முதல் பாதி

"கத்தி கத்தின்னு எழுதின கையாலயே எப்படிப்பா சோறு திங்கறே?"

ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார் அந்த அம்மா. கழுத்தில் தையல் ஆலையின் அடையாள அட்டை. வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார்.

'இடி' என்று இளசுகள் கொண்டாடும் ராப் பாடகன், ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஒலிப்பதிவாளருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். அவர் கேட்க நினைத்து மென்று விழுங்கிய கேள்வி அது.

இடியும் இந்த அம்மாவின் மகனும் சேர்ந்து எழுதிய பாட்டுதான் இப்போது எங்கே திரும்பினாலும் ஓடுகிறது. 'நாலு பேரைச் சாய்ச்சாத்தான் நம்ம பேரு நிக்கும்' என்று முதல் பாதி. 'நாலு எழுத்துப் படிச்சாத்தான் நம்ம தெரு நிமிரும்' என்று மறுபாதி.

பாட்டு வெளிவரும்போது மகன் உயிரோடு இல்லை. தெருச் சண்டையில் கத்திக்குத்து. இடிதான் முழுவதையும் பாடினான்.

"'உன் பையன் எழுதின பாட்டைக் கேட்டுட்டு எங்க பசங்க கத்தியைத் தூக்கறாங்க'ன்னு கூட வேலை பாக்கறவங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்கப்பா. படிக்கச் சொன்ன பாதிதான் என் பையனுது. பெத்தவளுக்குத் தெரியாதா?"

இடி தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயைத் திறந்து சொல்லு. முதல் பாதி யார் எழுதினது?"

"நான்தாம்மா."

"இதை ஊர் கேக்கச் சொல்லுவியா?"

"அடுத்த மேடையிலயே சொல்றேம்மா. இனிமே அந்தப் பாதியைப் பாட மாட்டேன். எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துடறேன்."

சண்டைக்கென்று வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரு" என்றார். வாழ்த்தா, சாபமா, தெரியவில்லை. போய்விட்டார்.

ஒலிப்பதிவாளரால் அடக்க முடியவில்லை. "ஏன் தம்பி, ஒரே வாயில வெட்டுன்னும் சொல்லுவே, படின்னும் சொல்லுவே. பழி மட்டும் செத்தவன் தலையிலயா?"

"தப்புதாண்ணே. அந்தப் பாட்டோட பழைய பதிவு ஒண்ணு இருக்கும். அதைப் போடுங்க."

போட்டார். யாரோ ஒரு பையன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவனே பேசினான்; அவர் கேட்டறியாத குரல்.

"மாப்ளே, கத்திப் பாதி முழுக்க ஒரே மூச்சுல எழுதிட்டேன். எப்படி?"

"வேணாம்டா, பசங்க கெட்டுப் போவாங்க." இது இடியின் குரல். "நான் படிப்பைப் பத்தி நாலு வரி எழுதறேன்."

"எழுதிக்கோ, வாத்தியாரே! ஆனா என் பாதிதான் முதல்ல."

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தினார்.

"அவன் ஞாபகமா இருக்கட்டும்னு பாடித் தொலைச்சேன். பாடினது நான்தானேண்ணே?"

"அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே தம்பி?"

இடி திரையில் இருந்த பதிவைக் காட்டினான்.

"பேச்சை அழிச்சிடுங்கண்ணே. அந்தச் சிரிப்பை மட்டும் தனியா எடுத்துக் குடுங்க. அம்மாகிட்ட அவன் குரல்னு ஒண்ணும் இல்லை."