முதல் பேட்டி

பிரஸ் மீட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த கதிரேசனும் மற்ற சேனல் நிருபர்களும், பிரசவ அறைக் கதவு திறந்ததுமே பழக்கதோஷத்தில் லோகோ மாட்டிய மைக்குகளை நீட்டிவிட்டார்கள். குழந்தையோடு வந்த நர்ஸ் மிரண்டுபோனார்.

“நான் எதுவும் பேசக் கூடாது சார்! பொம்பளப் புள்ள. தாயும் நல்லாருக்காங்க.”

மந்திரிகளையே மடக்கும் கதிரேசனுக்கு, தகப்பனான அந்த நிமிடத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை. குழந்தை வீறிட்டது. யாரும் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்கள்.

அழுது முடித்தவளின் பிஞ்சு விரல்கள், பக்கத்தில் நின்ற நிருபர் செல்வின் நீட்டிய மைக்கில் பிய்ந்து தொங்கிய மஞ்சள் லோகோவின் நுனியைப் பற்றிக்கொண்டன.

“அடியே, அது போட்டி சேனலுடி!” என்றான் கதிரேசன், கண்ணைத் துடைத்தபடி.

அவள் விடவில்லை. செல்வின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான், கையை இறக்காமல்.