சேஸிஸ் நேரான பிறகு

“முன்னே இடத்தோட்டு இழுத்துது. இப்போ வலத்தோட்டு இழுக்குது. இதுக்கா மேஸ்திரி ஒரு மாசம் எடுத்தீரு?” என்றான் லாரியை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய டிரைவர் தங்கப்பன்.

கரமனையில் பட்டறை வைத்திருக்கும் வேலப்பன் நூலை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தார். லாரிக்குச் சொந்தக்காரர், ஆரியசாலை மொத்த வியாபாரி குற்றாலலிங்கம்தான் பேசினார்.

“இன்னும் பத்து நாள்ல அணைக்கட்டுக்குச் சிமெண்டு ஏத்தணும். மலைரோடு. ஒரு முழம் விலகினா ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. உம்மால ஆகாதுன்னா சொல்லிடும், மதுரைக்குக் கொண்டுபோறேன்.”

மதுரைக்குப் போனால் வேலப்பன் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். ஆரியசாலையில் காலையில் கிளம்பும் பேச்சு சாயங்காலத்துக்குள் கரமனைக்கு வந்துவிடும்.

யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரி அது. எடுக்கும்போதே சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், ஒன்றரை அங்குலம் கோணல். நாலு வருஷம் தங்கப்பன் அப்படியே ஓட்டினான். விரிசல் விட்ட பிறகுதான் பட்டறைக்கு வந்தது. வேலப்பன் இன்ஜின் முதல் எல்லாவற்றையும் கழற்றி, சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்தி, ரிவெட் அடித்து, திரும்பப் பூட்டியிருந்தார்.

இப்போது மறுபடியும் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“எட்டு நாள் தாங்க அண்ணாச்சி. சரியாக்கித் தாறேன்.”

“அதுவரைக்கும் நான் சும்மா இருக்கவா?” என்றான் தங்கப்பன்.

“என் மச்சான் நயினார் புது லாரி வாங்கியிருக்கான். டிரைவர் காய்ச்சல்ல கிடக்கான். எட்டு நாள் நாகர்கோவிலுக்கு ஓடிட்டு வா” என்றார் வேலப்பன்.

தங்கப்பன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஒன்பதாம் நாள் பட்டாளத்து லாரியைப் பாப்பனங்கோடு வரை ஓட்டிவிட்டு வந்தான். இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“இதல்லவா வேலை. நூல் பிடிச்சாப்ல போகுது. முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாமே மேஸ்திரி” என்றவன், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டான்.

குற்றாலலிங்கத்துக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. “எந்த இடத்தைத் திரும்பக் கழத்தினீரு?”

“ஒரு போல்ட்டையும் தொடல அண்ணாச்சி. வண்டி அன்னைக்கே நேராத்தான் ஓடிச்சு. சொன்னா நீங்களும் நம்பமாட்டிய, அவனும் சண்டைக்கு வருவான்” என்றார் வேலப்பன். “நாலு வருஷமா கோணல் வண்டியை வலத்தோட்டுத் திருப்பித் திருப்பி, அவன் கை கோணிப்போச்சு. எட்டு நாள் மச்சானோட நேர் வண்டியை ஓட்டினதுல அது நிமிந்துட்டு.”