கோஷம்

ஊர்வலத்தில் குண்டடிபட்டு இறந்தவனின் அம்மா, போட்டோகிராபர் லூர்துவின் ஸ்டுடியோவுக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைக்க அவள் மகன் கோஷம் போடும் அந்தப் படத்துக்குத்தான் லூர்துவுக்குப் பரிசு கிடைத்திருந்தது.

"மாலை போட்டு வைக்க வேற போட்டோ இல்ல தம்பி. இதுலயே வாயை மட்டும் மூடிக் குடுத்துருங்க."

அந்த வாய்தான் படமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, அவன் கம்ப்யூட்டரில் கொடியை அழித்தான், கூட்டத்தை அழித்தான், உதடுகளைச் சேர்த்து வைத்தான்.

அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். "இதுதான் எம் புள்ள. வீட்ல வாயே திறக்க மாட்டான்." பிறகு சுவரைக் காட்டிக் கேட்டாள். "அங்க என்னன்னு கத்துறான் தம்பி?"

எத்தனையோ மேடைகளில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிற லூர்துவுக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.