வட்டம் தாண்டாதவள்

பேக்கரிக்காரன் யாஸ்னாவைப் பார்த்துச் சிரித்தாலே அவள் புருஷன் ரத்கோவுக்கு வயிறு எரியும். வீட்டுச் செருப்போடு வந்த நண்பன் ஓக்னியன், தான் எழுதும் செயலியில் ரத்கோவின் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தான்.

“அண்ணி இதைத் தாண்டினா உங்க போன் கத்தும்ணே. உங்களுது ஐபோன், அவங்களுது ஆண்ட்ராய்டுன்னாலும் கவலையில்ல.”

“நீ நல்லா இருப்படா!”

ஒரு மாதமாகப் போன் கத்தவில்லை. ரத்கோ நிம்மதியாகத் தொப்பை போட்டான்.

அன்று தலைவலி, மதியமே வீடு திரும்பினான். யாஸ்னா இல்லை. போனிலோ அவளுடைய புள்ளி வட்டத்தின் நட்டநடுவில் நின்றது. வாசலில் அவளது ஷூக்கள் எல்லாம் இருந்தன. வீட்டுச் செருப்பை மட்டும் காணோம்.

அவள் எண்ணுக்கு அடித்தான்.

மேல்மாடியில், ஓக்னியன் வீட்டில், மணி ஒலித்தது.

வட்டத்தை அவள் தாண்டவே இல்லை.